பெடலின் டப் சத்தம்

எழுபதுகளின் கடைசியில் நான் தினமும் போன ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஒருநாள், முன் சீட்டில் கிட்டாரை மடியில் வைத்திருந்தவர், சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்த பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“அண்ணே, கிட்டார் பெடல்ல அந்த டப் சத்தம் திரும்ப வரணும்.”

“காலால மிதிக்கிறப்பல்லாம் ஸ்பீக்கர்ல டப்புனு கேக்குது, மானம் போகுதுன்னு நீங்கதானே கொண்டாந்தீங்க? ஒரு சின்ன ரெசிஸ்டர் வச்சேன். நின்னுடுச்சுல்ல?”

“நின்னுடுச்சு. நேத்து பொன்மலைக் கச்சேரியில என் வாசிப்பை முடிச்சு பெடலை அணைச்சேன். அடுத்து பாட வேண்டிய ஸ்டெல்லா பாடாம நிக்குது. இவ்வளவு நாளும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாட்டை எடுத்திருக்கு.”

“தலையை ஆட்டிக் காமிங்களேன்.”

“அதுக்கு மூஞ்சியப் பாக்கணுமே. நாங்க அதைப் பொண்ணு கேட்டுப் போயி, அவங்க வீட்ல முடியாதுன்னுட்டாங்க. அதுலேருந்து ரெண்டு பேரும் பாத்துக்கறதில்ல, பேசிக்கறதும் இல்ல. மேடையில மட்டும்தான் ஒண்ணா நிக்கிறோம்.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது.

“நாளைக்குக் கொண்டாங்க. ரெசிஸ்டரைக் கழட்டிடறேன்.”

“ரொம்பப் பலமா வேணாம்ணே. அந்தப் புள்ளைக்குக் கேட்டாப் போதும்.”