நாற்பது தலைக்குக் குறையாமல்

எங்கள் விடுதிக் கஞ்சி நன்றாகவே இருக்கும் ஐயா, நானே குடித்திருக்கிறேன். பிள்ளைகளைப் பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பிரெஞ்சுக்காரன் போன கையோடு காரைக்காலுக்கு டெண்டர் வந்தது. அனாதைப் பிள்ளைகளை யார் குறைந்த விலைக்கு வளர்ப்பது என்று போட்டி. நான் அதுவரை சவுக்குக் கட்டை சப்ளை செய்தவன். கட்டைக்கும் பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் நிபந்தனை எழுதியிருந்தார்கள்: நாற்பது தலைக்கு ஒன்று குறைந்தாலும் காண்டிராக்ட் ரத்து. புதுப் பிள்ளையைச் சேர்க்க உங்கள் ஆபீஸ் உத்தரவு வர ஆறு மாதம் ஆகும். குறைந்ததைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். இதை எழுதிய புண்ணியவான் மாலையும் கழுத்துமாக மாற்றலாகிப் போய்விட்டார்.

சரியாக நாற்பது பேர் இருந்தபோதுதான் சகாயம்மாள் வந்து நின்றாள். புயலில் புருஷன் போனதும் மகள் அற்புதத்தை எங்களிடம் விட்டுவிட்டுப் புதுச்சேரி மில்லுக்கு வேலைக்குப் போனவள்.

“வீடு புடிச்சிட்டேங்க. புள்ளய கூட்டிட்டுப் போறேன்,” என்றாள்.

வீடாம். ஏதாவது ஒழுகுகிற கீற்றுக் கொட்டகையாக இருக்கும். பிள்ளைகள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அற்புதம் காய்ச்சலில் போய்விட்டாள் என்றேன். கல்லறைத் தோட்டத்துக்கு நானே கூட்டிப்போய், யாருடையதோ ஒரு சின்ன மண்மேட்டைக் காட்டினேன். அதன் மேல் விழுந்து அழுதாள். என் செலவில் ஒரு மரச்சிலுவை செய்து கொடுத்தேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்படிப்பட்டவர்களை நம்பவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

அற்புதத்திடம் உன் அம்மா இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். வாசலையே பார்த்துக்கொண்டு சோற்றை ஆறவிடுகிற வழக்கம் அதோடு நின்றது.

கல்லறைத் திருநாளன்று பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாக நிறுத்தி ஜெபம் சொல்லவைக்க வேண்டும் என்பது உங்கள் அதிகாரியின் ஆசை. அவர் மனைவிக்கு அது பார்க்க அழகாக இருக்குமாம். மில்லில் லீவு கொடுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சகாயம்மாள் மெழுகுவர்த்தியோடு வந்து, மகள் பேரைச் சொல்லி அந்த மண்ணில் அழுதுகொண்டிருந்தாள்.

வரிசையிலிருந்து அற்புதம், “நான் இங்க இருக்கேம்மா,” என்றாள்.

ஆமாம், உயிரோடிருந்த பிள்ளையைச் செத்ததாகச் சொன்னது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், நீங்கள் விடுதியைப் பூட்டுகிறீர்கள். மீதி முப்பத்தொன்பது பிள்ளைகளின் வயிற்றில் அடித்தவள் அவள்தான் ஐயா. அவளை யாராவது விசாரித்தீர்களா?