ஓடுவதற்கும் நிற்பதற்கும் ஒரே சொல்

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, நான் எதைச் சொல்லித் தொலைப்பேனோ என்று இப்போதே என்னை முறைத்துக்கொண்டிருக்கும் லாரி ஓட்டுநர் சங்கத் தலைவரே, என் அக்காவின் கணவரே, சாலையெல்லாம் 'ராக்கெட்' என்று பட்டப்பெயர் சொல்லி அழைக்கும் என் அத்தானே! மூப்பையே முந்திச் செல்லும் மூத்த ஓட்டுநர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் தாய்மார்களே! எப்போது முடிப்பான் என்று பின்வரிசையில் காத்திருக்கும் தம்பிகளே! வணக்கம்.

ஃபாஸ்ட் என்கிறானே ஆங்கிலேயன், அதற்கு என்ன பொருள்? வேகம் என்கிறீர்கள். வேகம்தான். ஆனால் கயிற்றை இறுகக் கட்டினாலும் ஃபாஸ்ட். அடித்துப் போட்டாற்போல் தூங்கினாலும் ஃபாஸ்ட். துவைத்தாலும் போகாத சாயம் ஃபாஸ்ட். நம் சங்கச் சட்டையா? அந்தப் பேச்சு வேண்டாம், வாங்கி வந்த பொருளாளர் இங்கேதான் இருக்கிறார். உண்ணாமல் இருந்தாலும் ஃபாஸ்ட்! ஓடுவதற்கும் அந்தச் சொல், ஓடாதே என்று கட்டிப்போடுவதற்கும் அதே சொல். எப்படி ஒட்டின இரண்டும்? எனக்கு விளங்கவே இல்லை, அத்தானுக்குப் பித்தப்பையில் கல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வரை.

காலையில் ஆபரேஷன். எதுவும் சாப்பிடக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். அத்தானும் தலையாட்டினார். விடிந்ததும் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, வாரை இறுக்கி, ஆபரேஷன் அறை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் லாரி எடுக்கும்போதெல்லாம் வாசலில் கேட்கும் கேள்வி, பதற்றத்தில் தானாக வந்துவிட்டது.

"சாப்பிட்டீங்களா?"

அவருக்கும் பதில் தானாக வந்தது. "ஆச்சு, ஆச்சு. வேகமா போயிட்டு வந்துடறேன்."

நர்ஸ் வண்டியை அப்படியே நிறுத்தினார். "நிஜமாவே சாப்பிட்டீங்களா?"

"ரெண்டே ரெண்டு பிரெட்டும்மா. வெறும் வயித்தோட நான் வண்டி ஏறினதே இல்ல."

சிரிக்கிறீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை. மயக்கத்தில் கிடக்கும்போது வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் சொன்னார். ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஒரு நாள் வீணாகிறதே என்று அத்தான் முணுமுணுத்தார். வீணா தோழர்களே? அன்று விரைந்திருந்தால் வீடு திரும்பியிருப்பாரா? விரைந்திருந்தால் இந்த நாற்காலியில் அமர்ந்து என்னை முறைத்துக்கொண்டிருப்பாரா?

மறுநாள் அதே வாசல், அதே தள்ளுவண்டி. அக்கா மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"சாப்பிடலையே?"

"இல்ல."

"அப்ப போயிட்டு வாங்க. மெதுவாவே வாங்க."

உண்ணாதிருந்தார், இறுகக் கட்டுண்டார், அடித்துப் போட்டாற்போல் உறங்கினார். அத்தனையும் ஃபாஸ்ட். அதனால்தான் பிழைத்தார். நாளைக்குச் சுமை ஏற்றியதும் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வாசலில் நின்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முறைப்பை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தலைவருக்கும், முன்வரிசையில் தலைகுனிந்து சிரிக்கும் என் அக்காவுக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, மெதுவாகவே வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.