வெண்ணெய் வாடையும் மூன்றாவது படியும்

பியருக்கு அவசரம் ஆகாது, ஃபாதர். மனிதர்களுக்குத்தான் எப்போதும் எங்கேயாவது ஓட வேண்டியிருக்கிறது. உட்காருங்கள். பேத்தியின் ஞானஸ்நானத் தேதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறீர்கள், பேசலாம். அதற்கு முன் ஒரு பாவத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னதுதான். வந்த இடத்தில் அதையும் முடித்துக்கொள்ளலாம்.

என் மகள் ட்ரஹோமிராவின் கல்யாணத்துக்கு நானே பியர் காய்ச்சினேன். பியருக்குப் பேர்போன பில்சன் பக்கத்தில் பிறந்தவன் மகள் கல்யாணத்தில் கடை பியர் ஊற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது. அதிலும் மாப்பிள்ளை ஸ்டிபோர் மொராவியாக்காரன். அவன் அப்பா மெத்தொதேய் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவர். நிச்சயதார்த்தத்தன்று எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டி, "கவலப்படாதீங்க சம்பந்தி. நான் பீப்பா பீப்பாயா ஒயின் கொண்டாந்துடறேன். உங்க பியரு சரியா வரலேன்னா மண்டபத்துத் தரையக் கழுவிக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் காய்ச்சியது புளித்துப்போய்விட்டது. மறுபடி காய்ச்சினேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிலவறையில் இறங்கி ருசி பார்த்தால், வெண்ணெய் வாடை. யாரோ உருக்கி ஊற்றியது போல. அடியில் கொஞ்சம் காய் ஆப்பிள் நெடியும் இருந்தது. இளம் பியர் என்றால் இதெல்லாம் இருக்கும், ஆறு வாரம் குளிரில் சும்மா கிடந்தால் அடங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. கையில் இருந்ததோ ஒரே வாரம்.

கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா என்று மனைவி வ்லாஸ்தாவிடம் கேட்டேன்.

"பியருக்காகவா? கிறுக்குப் புடிச்சிருக்கா உங்களுக்கு? விருந்துக்கு வாத்துக்கெல்லாம் சொல்லியாச்சு."

நியாயமான பதில்தான். அதனால் நிதானமாக யோசித்தேன். மண்டபத்தைக் கொளுத்தலாம். ஆனால் அது நம் ஊர்த் தீயணைப்புப் படையின் மண்டபம், உடனே அணைத்துவிடுவார்கள். மகளுக்குக் காய்ச்சல் வரவழைக்கலாம். பெற்ற மனது ஒப்பவில்லை. மாப்பிள்ளையை நான் பெறவில்லை.

நிலவறைப் படிகள் மரத்தில் செய்தவை. மூன்றாவது படியின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டுப் பலகையை அப்படியே வைத்தேன். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கீழே வந்து ஒரு வாய் ருசி பார்த்துச் சொல்லும்படி கேட்டேன்.

மரியாதை தெரிந்த பையன். "நீங்க முன்னாடி போங்க மாமா" என்றான்.

"அதெப்படி மாப்ள? முதல் மரியாதை உங்களுக்குத்தான்."

விழுந்த வேகத்தில் அவன் பீப்பாயில் இடிக்கவில்லை. அதை உடனே பார்த்துக்கொண்டேன்.

கால் எலும்பு கூடவும் ஆறு வாரம் ஆகும் என்றார் மருத்துவர். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பையன் கட்டிலில் இருந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்க மாமா, வலி கொறஞ்சிடும்" என்றான். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் தள்ளிக் கல்யாணம் நடந்தது. மண்டப வாசலில் நம் பக்கத்துக் கல்யாண வழக்கப்படி தட்டை உடைத்தார்கள். மாப்பிள்ளை ஒரு கையில் ஊன்றுகோலும் மறுகையில் துடைப்பமுமாகப் பெண்ணோடு சேர்ந்து சில்லுகளைக் கூட்டினான். பிறகு பீப்பாயைத் திறந்தேன். முதல் கிளாஸ் சம்பந்திக்கு. அவர் மோந்து பார்த்தார், குடித்தார், நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"ரொட்டி மட்டும் குடுங்க சம்பந்தி. வெண்ணெய் கிளாஸ்லயே இருக்கு."

வாடை துளிகூடக் குறையவில்லை, ஃபாதர். அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வாடையைத் தின்று தீர்ப்பது ஈஸ்ட். அதற்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும். நானோ அவசரப்பட்டு, நொதித்து முடிவதற்குள் பீப்பாயைக் குளிர் மூலைக்குத் தள்ளி ஈஸ்டைத் தூங்க வைத்துவிட்டேன். தூங்குகிற ஈஸ்ட் ஆறு வாரம் கிடந்தாலும் ஆறு வருஷம் கிடந்தாலும் ஒன்றுதான். ஆக, அந்தக் கால் உடைந்தது வீண். அதுதான் என்னை உறுத்துகிறது. நல்ல பியருக்காக உடைந்திருந்தால் மனது இவ்வளவு வலிக்காது.

உண்மையாகவே வருந்துகிறேன். இனி மாப்பிள்ளையின் காலுக்கு என்னால் ஒரு கெடுதலும் வராது.

இப்போது ஞானஸ்நானத்துக்கு வருவோம். சம்பந்திதான் ஞானத்தகப்பன், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வருகிறார். இந்த முறை ஈஸ்டை வெதுவெதுப்பாக வைத்து வாடையை முழுசாகப் போக்கிவிட்டேன். குளிரில் கிடந்து தெளிய மட்டும் இன்னும் ஐந்து வாரம் வேண்டும். நீங்கள் வரும் ஞாயிறு என்கிறீர்கள். மாற்ற முடியாது என்கிறீர்கள். சுற்றுவட்டாரத்துக்கே நீங்கள் ஒருவர்தான், நீங்கள் படுத்துவிட்டால் இன்னொரு சாமியார் வர மாதக்கணக்காகும் என்பதும் எனக்குத் தெரியும்.

சரி, உங்களோடு வாதாட நான் யார். பாவத்தையும் கேட்டுக்கொண்டீர்கள், ஒரு வாய் ருசி பார்த்துவிட்டுப் போங்கள். வாசல் பக்கம் ஏன் போகிறீர்கள்? நிலவறை இந்தப் பக்கம். நீங்கள் முன்னால் இறங்குங்கள், முதல் மரியாதை உங்களுக்குத்தான். மூன்றாவது படியில் தைரியமாகக் கால் வைக்கலாம், ஃபாதர். அதை அன்றைக்கே சரிசெய்துவிட்டேன்.