சும்மா கிடந்த பெட்டி

நான் உள்ளே வரும்போது பக்கத்து அறையில் ஆள் இல்லாமல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சார். உங்கள் காவலரிடம் சொல்லி அணைக்க வைத்தேன். என் சுபாவம் அப்படி. குழாய் சொட்டினாலும் தாண்டிப் போகமாட்டேன். அக்கா என்னைக் கஞ்சப் பிசினாறி என்பாள். அது கஞ்சத்தனம் இல்லை. ஒரு பொருள் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அப்பா, அம்மா போனபிறகு அந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் இருவர்தான். எப்போது வரும் என்று தெரியாததால் அவள் கதவைச் சாத்தவே கூடாது. நாற்பத்தாறு வயதுப் பெண் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கவேண்டும். அதற்காகத்தான் அந்தப் பெட்டியைச் செய்தேன். பிரிண்டர் பழுது பார்ப்பது என் தொழில், கை சும்மா இருக்காது. சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் பலகை, மெத்தைக்கு அடியில் ஒரு சென்சார். கட்டில் பத்து விநாடி தொடர்ந்து உதறினால் என் அறையில் மணி அடிக்கும். நான்கு தடவை சரியாக அடித்தது. நான்கு தடவையும் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

"கதவைச் சாத்திட்டுத் தூங்குறது இவ்ளோ சுகம்னு தெரியாமலே போச்சேடா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் அந்தப் பலகை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தேன். நூற்றுக்கு நான்கு பங்கு. மிச்சம் தொண்ணூற்றாறும் சும்மா. அன்றைக்கே மனசு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

மைனிங் பற்றி என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரை ஓயாமல் கணக்குப் போட வைத்து டிஜிட்டல் காசு சேர்ப்பது. இத்தனூண்டு பலகையில் செய்தால் கரண்டுக்குக்கூடக் கட்டாது என்றும் அவரே சொன்னார். கைக்குக் காசு வர எத்தனை காலம் ஆகும் என்று நானும் பார்த்தேன். பதினோரு வருஷம். தெரிந்துதான் போட்டேன். இருபது வருஷமாக அடுத்தவன் மெஷினையே துடைத்தவனுக்கு, தனக்கென்று ஒன்று ஓடுவது சின்ன விஷயமில்லை, சார்.

புரோகிராமை ஏற்ற ஒரு விடுமுறை நாள் முழுக்கப் போனது. ஓடும் கருவிக்கு ஒரு பெயர் கேட்டது. 'அக்கா' என்று கொடுத்தேன். போனைத் திறந்தால் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. வேலை நடக்கிறது என்று அர்த்தம். பலகை கொதித்ததால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து குட்டி ஃபேன் ஒன்றைக் கழற்றி மாட்டினேன்.

"என்னடா இது, காதுக்குள்ள கொசு மாதிரி கத்துது?"

"உன் நல்லதுக்குத்தான்க்கா. இனிமே இன்னும் நல்லா கவனிக்கும்."

நம்பினாள். என்னை விட்டால் அவளுக்கு நம்ப வேறு ஆள் ஏது.

ஞாயிறுதோறும் மணியைச் சோதித்துப் பார்ப்போம். அவள் மெத்தையை உலுக்குவாள், மணி அடித்ததும் நான் குரல் கொடுப்பேன். மைனிங் போட்டபிறகு, பத்து விநாடியில் அடிக்கவேண்டிய மணி நாற்பதில் அடித்தது. அடுத்த வாரம் இரண்டு நிமிஷம். மைனிங்கைக் குறைத்துப் பார்த்தேன். மணி சரியானது, ஆனால் போனில் மைனிங் வேகத்தைக் காட்டும் கோடு படுத்துவிட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மறுபடி ஏற்றினேன். மணி புரோகிராம் அடிக்கடி தடுமாறி நின்றது, நின்று எழும்போதெல்லாம் மைனிங்கையும் கெடுத்தது. அதனால் மணியை நிறுத்தி வைத்தேன். தற்காலிகமாகத்தான்.

அக்காவிடம் மூச்சு விடவில்லை. அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் அவள் மெத்தையை உலுக்கியதும் நானே போனிலிருந்து மணியை அடிக்க விட்டேன்.

"டக்குனு அடிக்குதே. கெட்டிக்காரன்டா நீ."

அப்படி ஏழு ஞாயிறு.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். நாலு மணிக்குக் கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே குப்புறக் கிடந்தாள், முகம் தலையணைக்குள். உடம்பு ஆறியிருந்தது. அழுதேன். இப்போதும் அழுகை வருகிறது, அது நடிப்பில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பலகைக்குள் எல்லாம் பதிவாகியிருக்கிறது, மணியை நிறுத்திய தேதி, நேரம், நிறுத்தியவன் பெயர். உங்கள் ஆட்கள் எடுத்துக் காட்டியபோது நான் எதையும் மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர்தானே, கட்டில் சுவரில் இடித்த சத்தம் கேட்கவில்லையா என்று. கேட்டது, சார். ரொம்ப நேரம் கேட்டது. எழுந்து போகலாம் என்றுகூட நினைத்தேன். வலிப்பாக இருந்தால் மணி அடித்திருக்குமே என்றுதான் உட்கார்ந்துவிட்டேன்.