வீராயி தூக்குன கல்லு

ரயிலு வராத காலம். கரண்டுன்னா என்னன்னு தெரியாத காலம். இதே கருக்கம்பட்டியில, இதே கண்மாய்க்கரை ஓரத்துல, ஒச்சம்மா ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம்...

டீ கிளாஸ அந்தக் கல்லு மேல வைக்காத தாயி. எடு, எடு! நர்சு வேலைக்கு வந்து ரெண்டு நாளாகுது, உங்க யாருக்கும் தெரியாது, சரி. டூட்டிக்குள்ள போறவகளும் வெளிய வர்றவகளும் ஏன் அதுல சுண்ணாம்புக் கைய வைக்கிறாகன்னு கேட்டீகள்ல? இருபத்தாறு வருசம் இந்த ஆஸ்பத்திரி வண்டிய ஓட்டுனவன் சொல்றேன். நடுவுல எவளும் போனைப் பாக்கப்படாது.

அந்த வருசம் வாந்திபேதி வந்துச்சாம். வந்துச்சுன்னா எப்படி வந்துச்சு? காலையில களையெடுக்கப் போனவ மத்தியானம் இல்ல. மத்தியானம் அவளத் தூக்குனவன் மறுநா இல்ல. அப்படி வந்துச்சும்பாக. சர்க்கார்ல இருந்து இந்த எடத்துல ஒரு கொட்டகை போட்டாக. டவுனுல இருந்து ஒரு டிரசர அனுப்புனாக. டிரசருன்னா கட்டுக் கட்டுறவரு, மருந்து குடுக்குறவரு. பேரு சவரிமுத்து. இளவயசு, சிரிச்ச மொகம். அவருக்குத் தொணையா, நோயாளியத் தொடைக்க, கஞ்சித்தண்ணி ஊட்ட, நம்ம ஊர்க்காரி ஒச்சம்மா போனா. புருசனையும் பிள்ளையையும் பேதிக்குக் குடுத்தவ. "இனி எனக்கு என்ன பயம்?"னு கேட்டுட்டுப் போனாளாம்.

ரெண்டே பேரு. கொட்டகை நெறையப் பாயி.

ஊரு என்ன செஞ்சுச்சு? வேலி போட்டுச்சு. கொட்டகைக்காரவுக ஊருக்குள்ள வரப்படாது, கெணத்தத் தொடப்படாது. சோத்த வேலிக்கு அந்தப் பக்கம் வச்சுட்டு ஓடிருவாகளாம். செத்தவுகள எடுக்க மட்டும் ரெண்டு வண்டிக்காரவுக வருவாக. அவுகளும் மொகத்தப் பாக்க மாட்டாக. பாத்தா நோயி ஒட்டிக்கிரும்னு பயம். அதுக்காக ஒரு வழக்கம் வச்சாக. உசுரு போயிருச்சுன்னா, டிரசரு சுண்ணாம்புல கைய முக்கிப் பாயோட கால்மாட்டுல ஒரு தடம் வைப்பாரு. வண்டிக்காரவுக தடம் இருக்குற பாயச் சுருட்டுவாக, தூக்குவாக, கண்மாய்க்கு அங்கிட்டுப் பள்ளத்துல எறக்குவாக. அம்புட்டுத்தான்.

சவரிமுத்து மொத வாரம் சிரிச்சாரு. ரெண்டாம் வாரம் பேச்சக் கொறச்சாரு. மூணாம் வாரம் தூக்கத்த விட்டாரு.

"தம்பி, செத்த நேரம் கண்ண மூடுங்க"ம்பாளாம் ஒச்சம்மா.

"மூடுனா மொகமா வருதுக்கா. நான் கண்ண மூடுற நேரம் பாத்துத்தான் ஒருத்தன் போறான்"ம்பாராம் அவரு.

சோத்தப் பெசைஞ்சு வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பாராம். எந்நேரமும் சுண்ணாம்புத் தண்ணியில கையக் கழுவுவாராம். கழுவுன கையவே திரும்பக் கழுவுவாராம். தோலு உரிஞ்சு ரத்தம் தெரியுது. "போதும் தம்பி." "இன்னும் போகலக்கா." எது போகலன்னு அவ கேக்கலையாம். கேக்காமயே அவளுக்குத் தெரியும்.

அன்னைக்கு உச்சிவெயில். ஒச்சம்மா கஞ்சித்தண்ணியோட வர்றா. சின்னக்காளைன்னு வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரி, நாலு நாளு கெடையாக் கெடந்து அன்னைக்குக் காலையிலதான் கண்ணு முழிச்சவன். "கொஞ்சம் உப்புப் போட்டுக் குடு ஆத்தா"ன்னு வாய்விட்டுக் கேட்டவன். உப்பு எடுத்துட்டு வந்து பாக்குறா, அவன் கெடந்த எடம் வெறுந்தரை. பாயும் இல்ல, ஆளும் இல்ல. பக்கத்துப் பாயில ஒரு பெரியவரு வெறைச்சுக் கெடக்காரு. அவரு கால்மாட்டுல தடத்தக் காணோம். அவளுக்கு வெளங்கிருச்சு. தடம் பாயி மாறி விழுந்திருக்கு. செத்தவரு இங்க கெடக்காரு, உசுரோட இருக்குறவன் வண்டியில போறான்.

ஓடுனா. சீலைய வரிஞ்சு கட்டிக்கிட்டு ஓடுனா. "வண்டிய நிறுத்துங்கடா! உசுரு இருக்குடா!"

வண்டிக்காரவுக திரும்பிப் பாத்தாக. என்ன செஞ்சாக தெரியுமா? பேதிக் கொட்டகைக்காரி தொட வர்றாடான்னு மாட்ட வெரட்டுனாக! அவ ஓட ஓட, வண்டி அதுக்கு மேல ஓடுது. இந்தக் கூத்த என்னன்னு சொல்ல?

ரோட்ட விட்டா. வத்திப்போன கண்மாய்க்குள்ள எறங்கிக் குறுக்க விழுந்து ஓடுனா. முள்ளு பாக்கல, கல்லு பாக்கல. வண்டி வர்றதுக்கு முன்ன போயிப் பள்ளத்துக்குள்ள எறங்கி நின்னுக்கிட்டா. "போடுறதுன்னா என் தலை மேல போடு!"ன்னா. வண்டிக்காரவுக பாய விட்டுட்டு ஓடிட்டாக.

பாயப் பிரிச்சா. சின்னக்காளை மூக்குல விரல வச்சா. ஒண்ணுமில்ல. பொறங்கைய வச்சா. ஒண்ணுமில்ல. "ஏலே, சின்னக்காளை!"ன்னு கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டா. ஒதடு அசைஞ்சுச்சாம்.

"உப்புப் போட்டியா ஆத்தா?"

ஒச்சம்மா அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதாளாம். புருசன் செத்தப்ப அழாதவ.

சேதி ஊருக்குள்ள போச்சு. சும்மா இருக்குமா ஊரு? கம்பும் கட்டையுமா வேலியத் தாண்டி வந்துருச்சு. அம்புட்டு நாளும் தாண்டாத வேலி! எல்லாருக்கும் முன்னால சின்னக்காளை பொண்டாட்டி வீராயி. ரெண்டு கையாலயும் ஒரு கல்லத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வர்றா. சவரிமுத்து ஓடல. ரெண்டு கையையும் சுண்ணாம்புப் பானைக்குள்ள விட்டுக்கிட்டு நிக்காரு. புண்ணு கையி. எரியாம இருக்குமா? எடுக்கல.

"எவன் கைடா அந்தத் தடத்த வச்சுச்சு?"ன்னு நாட்டாமை கத்துறாரு.

சவரிமுத்து வாயத் தொறக்குறதுக்குள்ள ஒச்சம்மா வந்தா. அதே பானைக்குள்ள தன் கையையும் விட்டு எடுத்து, ஊருக்கு நேரா விரிச்சுக் காட்டுனா.

"இந்தக் கை."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேருந்தான். இருபத்தோரு நாளா இந்தக் கை ஓயல. அடிக்கணும்னா அடி. அடிச்சவன் கம்பக் கீழ போட்டுட்டுக் கொட்டகைக்குள்ள வா. கஞ்சி ஊட்டு, பீ மூத்திரம் அள்ளு, உசுரு இருக்கா இல்லையான்னு நீ பாத்துச் சொல்லு. வாங்கய்யா, எவன் வர்றீக?"

வீராயி மட்டும் நடந்து வந்தா. நேரா சவரிமுத்துகிட்ட வந்தா. கல்லு தலைக்கு மேல இருக்கு. போட்டா முடிஞ்சுச்சு. குனிஞ்சு பானைக்குள்ள பாத்தாளாம். அந்தக் கையப் பாத்தாளாம்.

"எப்பய்யா தூங்குன?"

சவரிமுத்து யோசிக்கிறாரு. யோசிச்சுக்கிட்டே இருக்காரு. அவருக்கு ஞாபகம் வரல.

கல்லக் கீழ போட்டா வீராயி. "கைய எடு. நான் வைக்கிறேன்"ன்னா. அவரு கையத் தூக்கி நல்ல தண்ணி ஊத்திக் கழுவிவிட்டா. அப்பறம் தன் கையச் சுண்ணாம்புல முக்கி, தான் கொண்டு வந்த கல்லு மேலயே தடம் வச்சா. "இனி இவரு மட்டும் தடம் வைக்கப்படாது. ரெண்டு பேரு மொகத்தப் பாக்கணும், ரெண்டு கையி படணும். இன்னைக்கு என் மொறை. நாளைக்கு யாரு?"

கூட்டத்துல ஒரு கம்பு கீழ விழுந்துச்சாம். பெறகு இன்னொண்ணு. வேலியையும் அன்னைக்கே பிடுங்கிட்டாகம்பாக.

சவரிமுத்து ரெண்டு நாளு தூங்குனாராம். முழிச்சதும் அழுதாராம். அழாதய்யான்னு யாரும் சொல்லல, ஒச்சம்மா பக்கத்துல உக்காந்திருந்தாளாம்.

அன்னையில இருந்து மொறைக்கு வர்றவகளும் மொறை முடிச்சுப் போறவகளும் இதுல தடம் வைக்கிறாக; இது ஒச்சம்மா கல்லு. தூக்குனவ வீராயி, பேரு மட்டும் ஒச்சம்மாவுக்கு. அப்படி வைக்கச் சொன்னதும் வீராயிதானாம். அந்த வீராயி யாருங்கிறீக? எங்க பூட்டி. எங்க தாத்தாவ அதுக்குப் பெறகுதான் பெத்தா. அந்தப் பாயி பள்ளத்துல விழுந்திருந்தா, இன்னைக்கு உங்கள மெரட்ட நான் இல்ல.

கொரோனா ரெண்டாவது அலையில, ஒருநா பதினோரு பேரச் சுடுகாட்டுல எறக்கிட்டு வந்து, இந்தா இங்கதான் வண்டிய நிறுத்துனேன். எறங்க முடியல. ஸ்டேரிங்க விட்டு என் கையி வரல தாயி. இழுத்தாலும் வரல. எம்புட்டு நேரம் உக்காந்திருந்தேனோ. நம்ம ஜெசிந்தா சிஸ்டர் வந்து கதவத் தொறந்தாக. ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டாக.

"கைய எடுங்கண்ணே. நான் வைக்கிறேன்."

அப்பத்தான் அழுதேன்.

சரி, காலையில மணி எட்டாகப் போகுது, எந்திரிங்க. உள்ள ராவெல்லாம் முழிச்ச ஒருத்தி உங்களுக்காக நிக்கிறா. போயி அவ கைய எடுத்துவிடுங்க.