செட் ஆக நேரமாகும் சார்

உள்ள வராதீங்க சார், வாசப்படியிலயே நில்லுங்க. தரை இப்பதான் பூசினது, இன்னும் செட் ஆகல... பாத்தீங்களா, என் வாயிலயும் அதே வார்த்தை. இந்த வார்த்தையாலதான் சார் நான் இன்னும் ஒண்டிக்கட்டையா நிக்கிறேன்.

எத்தனையோ இடம் பாத்தாச்சு. எல்லாரும் ஒரே பதில், "எங்களுக்கு செட் ஆகாது". என்னய்யா செட் ஆகாது? உயரமா, நிறமா, கொத்தனார் வேலையா? ஒண்ணைச் சொல்லித் தொலைச்சா திருத்திக்கலாம்ல? கேட்டா திரும்பவும் அதையேதான் சொல்றாங்க.

எங்க மாமா இருக்காரே, அவருக்குப் பல்செட்டு. அதைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு, "கவலைப்படாத மாப்ள, உனக்கும் ஒண்ணு செட் பண்ணிடறேன்"ங்கறாரு. எனக்குப் பொண்ணு பாக்கறாரா, பல்லு கட்டறாரான்னு தெரியாம முழிக்கிறேன். எங்க செட்டுல எல்லாருக்கும் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது சார்... ம், இங்கயும் செட்டு. அக்கா வேற, போனை நீட்டி "டோன் செட் பண்ணிக் குடுடா"ங்கறா. ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு எத்தனை வேலைதான் வாங்குவாங்க? நான் என்ன இந்தப் பூசற கரணைய வெச்சு சோறா கிண்டறேன்?

ஆனா இன்னைக்கு வேற மாதிரி சார். மாமா கடைசியா பாத்துச் சொன்ன பொண்ணே போன் பண்ணுச்சு. "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, அப்பாவும் இருப்பாரு, உக்காந்து பேசலாம்"னு. செட் ஆகும், ஆகாதுன்னு ஒரு பேச்சில்ல. வாங்கன்னுச்சு, அவ்வளவுதான். எனக்கு அதுலேர்ந்து கால் தரையில நிக்கல. நான்பாட்டுக்கு பூசிக்கிட்டே வந்துட்டேன், எப்படி வழவழன்னு இருக்கு பாருங்க. சட்டைய அயர்ன் பண்ணி உங்க முன்ரூம்ல மாட்டியிருக்கேன். கை கால கழுவிட்டு கெளம்ப வேண்டியதுதான்...

ஏன் சார் சிரிக்கிறீங்க?

என்ன... எங்க... அடக் கடவுளே.

வாசல்லேர்ந்தா ஆரம்பிச்சேன்? மூலையிலேர்ந்து பூசிக்கிட்டு வாசலுக்கில்ல வரணும். அந்தப் பொண்ணு நெனப்புலயே வந்து மூலையில மாட்டிக்கிட்டேனே. ஜன்னல் வழியா குதிக்கலாம்னா கம்பி இருக்கு, நேத்து நான்தான் வெச்சு இறுக்கினேன். ஒரு பலகை கெடைக்குமா சார்? எல்லாத்தையும் வண்டியில ஏத்தி அனுப்பிட்டீங்களா... சரி, அப்ப மிதிச்சுட்டு வந்துடவா? மொறைக்காதீங்க, மொறைக்காதீங்க. கலவையும் தீந்துபோச்சு, திரும்பப் பூசறதுக்கும் வழியில்ல. இது இறுகறதுக்குள்ள அங்க எல்லாரும் சாப்பிட்டுப் படுத்துடுவாங்க.

சார், ஒரே ஒரு உதவி. போன் அந்தச் சட்டைப் பையில இருக்கு. எடுத்து அந்தப் பொண்ணுகிட்ட பேசுங்க. எனக்கு வயித்துவலின்னு சொல்லுங்க, பஸ்ஸு கெடைக்கலன்னு சொல்லுங்க, என்ன வேணா சொல்லுங்க. நடந்ததை மட்டும் சொல்லிடாதீங்க.

அவங்கப்பாவும் கொத்தனாரு சார்.