வண்டிவீட்டுக்கு ஒரு ஹீட்டர்

குடியிருந்துகொண்டே ஊர் ஊராக ஓட்டிப்போகிற வண்டிவீட்டுக்கு வெந்நீர் ஹீட்டர் வாங்கும்போது ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லோர் பேச்சையும் கேட்டால் பச்சைத்தண்ணீரில்தான் குளிக்க வேண்டியிருக்கும். அதனால் நானே நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை, சார்.

எங்கள் பழைய ஹீட்டரில் ஆறு கேலன் தொட்டி. அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலம் கழிக்கிறவர்களுக்கு அது போதும். உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசிவிட்டு வந்துவிடுவோம். என் மனைவி ஐலீனும் ஜனவரி வரைக்கும் அப்படித்தான் குளித்தாள்.

தொட்டி இல்லாத ஹீட்டர் வாங்கப்போகிறேன் என்றதும் பக்கத்து வண்டி வெர்ன் சிரித்தான்.

“யோவ் கிளைட், உன் வண்டியில இருக்கிற தண்ணியே நாப்பது கேலன். நிக்காம வெந்நீர் கொட்டி என்ன செய்யப் போற, யானையா குளிப்பாட்டப் போற?”

“ஐலீனுக்கு வேணும்.”

“ஆளையே காணோமே. கோவிச்சுக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டாளோன்னு நினைச்சேன்.”

தலைவலி, படுத்திருக்கிறாள் என்றேன். திரை போட்ட வண்டியின் கதவை எங்கள் முகாமில் யாரும் தட்டமாட்டார்கள். நல்ல பழக்கம் அது.

மலிவான ஹீட்டர்களை ஒதுக்கினேன். குழாயை மூடித் திறந்தால் அவற்றில் முதலில் ஜில்லென்று வரும், அப்புறம் கொதிக்கும். மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். ஐலீனால் விலக முடியாது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சுடுகிறது என்று சொல்லவும் வராது, முனகல்தான். அதனால் ஒரே சூட்டில் ஊற்றுகிற, விலை கூடினதைத் தேர்ந்தெடுத்தேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அது நடந்த காலையில் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஓஹையோவில் மகள் டெப்ரா கீழ்த்தள அறையைத் தயாராக வைத்திருந்தாள். இருந்த வீட்டை விற்றுத்தான் நாங்கள் இந்த வண்டியை வாங்கியிருந்தோம். இதை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது.

“வந்தா வா, வராட்டி இங்கயே கிட. எனக்கு இந்த ரோட்டு வாழ்க்கை போதும் கிளைட்” என்றாள். சட்டையை மடித்துக்கொண்டே சரிந்தாள்.

போனை எடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்தால் டெப்ரா வருவாள். டெப்ரா வந்தால் ஐலீன் என்னிடம் திரும்பமாட்டாள். போனை வைத்துவிட்டு, பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன்.

அதன் பிறகு தினமும் நான்தான் குளிப்பாட்டினேன். பாதிக் குளியலில் வெந்நீர் தீர்ந்துவிடும். அவள் நடுங்குவாள். பார்க்கச் சகிக்காது.

பழைய ஹீட்டரை வெளிப்பக்கமிருந்துதான் கழற்ற வேண்டும். என் முதுகு ஒத்துழைக்கவில்லை; வெர்னைக் கூப்பிட்டேன். அவன் இழுத்தெடுத்ததும் அந்த ஓட்டை வழியாக அவள் முனகல் வெளியே வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தான். நேரே தன் வண்டிக்குப் போய் போலீஸுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடாதது நான்தான். மறைத்து வைத்ததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ‘அவள் விருப்பத்துக்கு மாறாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்தக் காலைக்குப் பிறகு, மகள் வீட்டுக்குப் போகணும் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.